குருதி சிந்தாப் பல்

பல் போனால் சொல் போகும் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அப்பல்லைப் போகவிடாது காக்கும் கலையைப் பயில்வோர், உயிருள்ள மனிதரின் வாயைத் தொடுவதற்கு முன்னர், மாதக்கணக்கிற் பொய்ப் பற்களோடு போராடுகின்றனர் என்பதைப் பலரும் அறியார். மெய்ப்பல்லைக் காப்பாற்றும் ஆற்றல் பொய்ப்பல்லிலிருந்து பிறப்பது வியப்புக்குரியதே. எனினும் அவ்வியப்போடு அமைந்துவிடாது, அப்பொய்ப்பல் எதனைக் கற்பிக்கின்றது, எதனைக் கற்பிக்காது விடுகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இவ்வெண்ணத்துக்குப் பேராதனை பொருத்தமான இடம். இலங்கையிற் பல்மருத்துவக் கல்வி 1943 இல் கொழும்பில், மருத்துவ பீடத்தின் ஓர் அங்கமாகத் தொடங்கியது. 1950களில் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது; பின்னர் தனிப் பீடமாக வளர்ந்து, நெடுங்காலம் நாட்டின் ஒரே பல்மருத்துவ பீடமாக விளங்கியது. யப்பானிய அரசின் உதவியோடு எழுந்த புதிய கட்டடத்தொகுதி 1998 இல் அதற்கு வாய்த்தது. பருத்தித்துறையிற் பிறந்தவராயினும் மட்டக்களப்பிற் பிறந்தவராயினும், பல்மருத்துவம் கற்க விரும்பினால், மகாவலி கங்கையைக் கடந்து ஹந்தானை மலைச்சாரலுக்கு வந்தே ஆகவேண்டும் என்ற நிலை பல தலைமுறைகளுக்கு இருந்தது. அவ்வாறு வடபுலத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தியின் அனுபவமே இக்கட்டுரைக்குப் பொருளாகின்றது.

அவள் முதன்முதலிற் சந்தித்த நோயாளிக்கு உடலில்லை. மேசையின் விளிம்பிற் பொருத்தப்பட்ட தலையொன்று மாத்திரமே இருந்தது. உலோகத் தாடையும் றப்பர்க் கன்னமும் உடைய அத்தலை, வாயைத் திறந்தபடியே கிடந்தது. பல்மருத்துவம் பயில்வோர்க்கு இத்தகைய பொம்மைத் தலை புதியதன்று. 1894 இலேயே ஒஸ்வால்ட் பெர்கஸ் என்பார் இதனை வகுத்தளித்தார் என்பர். மாணவர் குனிந்தும் வளைந்தும், சிறு கண்ணாடியிலே தலைகீழாய்த் தெரியும் பிம்பத்தைப் பார்த்தும் வேலை செய்யப் பழகுதல் இத்தலையினிடத்தேதான். அது துப்பாது, இருமாது, நாக்கை நீட்டாது, வலிக்கின்றது என்று கையைப் பற்றாது. இவ்வளவு பொறுமையுள்ள நோயாளி உலகில் வேறெங்கும் இல்லை.

பல்லின் வேரினுள்ளே நிகழும் சிகிச்சை யாது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். பல்லின் மேற்புறத்தே மிளிரி, அதன் உள்ளே பன்முதல், அதற்கும் உள்ளே மச்சைக்குழி எனப் பாடசாலை நூல்கள் கற்பிக்கின்றன. மச்சைக்குழியில் நரம்பும் குருதிக்கலங்களும் உள்ளன. அது வேர்களின் ஊடாக நுண்ணிய கால்வாய்களாக இறங்கி, வேர்நுனியிலே தாடையெலும்போடு தொடர்பு கொள்கின்றது. சூத்தை ஆழமாகப் பரவி மச்சை அழற்சியுற்றால், இரவில் உறக்கமில்லை. யாழ்ப்பாணத்திற் பல்லுக்கொதி என்று கூறும் அந்நோவை அனுபவித்தவரே அறிவர். அந்நிலையிற் பல்லைப் பிடுங்கலாம். அன்றேல் மச்சையை அகற்றி, கால்வாய்களை அரத்தால் அராவித் தூய்மை செய்து, நிரப்பி மூடலாம். பின்னையதே வேர்க்கால்வாய்ச் சிகிச்சை.

இதற்கான முதற் கருவியை 1838 இல் எட்வேட் மேநாட் என்னும் அமெரிக்கர் கடிகாரத்தின் சுருள்வில்லை அராவிச் செய்தார் என வரலாறு கூறும். இன்றைய அரங்கள் நுட்பமான அளவுத்திட்டத்துக்கு உட்பட்டவை. 10 ஆம் இலக்க அரத்தின் நுனி 0.10 மில்லிமீற்றர் தடிப்புடையது. ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு. அதன் கைபிடி ஊதா நிறம். 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. மாணவர் இந்நிறவரிசையை நெட்டுருச் செய்வர். தூய்மை செய்த கால்வாயை நிரப்புவது கட்டாபேர்ச்சா என்னும் மரப்பால். இது மலாய் நாட்டு மரமொன்றிலிருந்து கிடைப்பது. அம்மரம் நம்மவர் நன்கறிந்த இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனோடு சேர்த்துப் பூசும் பசையிற் பெரும்பாலும் கராம்பெண்ணெயின் சாரம் கலந்திருக்கும். கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கராம்பு காயும் பருவத்தில் எழும் மணமும், பல்மருத்துவக் கூடத்தின் மணமும் ஒன்றாயிருத்தல் இதனாலேயே.

முற்காலத்தில் மாணவர் பிடுங்கிய பற்களையே பயிற்சிக்குக் கொண்டனர். பல்மருத்துவ நிலையங்களில் அலைந்து, போத்தல்களிற் பற்களைச் சேகரித்தல் அக்கால மாணவ வாழ்வின் ஒரு பகுதி. 1980களின் பின்னர், குருதியாற் பரவும் நோய்கள் பற்றிய அச்சம் வளர்ந்தமையால், அப்பற்களை முறையாகத் தொற்றுநீக்கியே கையாளவேண்டும் என்ற விதிகள் எழுந்தன. மேலும், வாங்கிய போத்தலில் எவ்வகைப் பல் இருக்கும் என்பது எவரது கையிலும் இல்லை. ஒருவருக்கு நேரான வேர் கிடைக்கும். மற்றொருவருக்குக் கொக்கிபோல் வளைந்தது கிடைக்கும். இருவரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடல் எங்ஙனம்?

இக்குறையைத் தீர்க்கவே செயற்கைப் பற்கள் வந்தன. 1975 இல் வைன் என்பாரும் அவரது குழுவினரும் தெளிந்த பிசினிலே வளைந்த கால்வாயை அமைத்து, அரம் அதனை எவ்வாறு திரிபடுத்துகின்றது என்பதைக் கண்ணாற் காணச்செய்தனர். அதன்பின் பிசினாலான முழுப் பற்கள் வந்தன. இன்று மெய்ப்பல் ஒன்றை நுண்கதிர்ப்படம் பிடித்து, அதன் உள்வடிவத்தை அவ்வாறே முப்பரிமாணத்தில் அச்சிடவும் முடிகின்றது. ஒரே பல்லை நூறாகப் பெருக்கி நூறு மாணவருக்கும் கொடுக்கலாம். எவரது பல் கடினமானது என்ற வழக்குக்கு இடமில்லை.

எனினும் பிசின் பன்முதலாகாது. அது மென்மையானது, விரைந்து சுழலும் துளைகருவியின் வெப்பத்தில் இளகும், அரத்தின் பற்களிலே ஒட்டிக்கொள்ளும். மெய்ப்பல்லில் மச்சையின் எச்சங்களைக் கரைப்பதற்குச் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலை ஊற்றுவர். பிசினிற் கரைவதற்கு எதுவுமில்லை. மெய்ப்பல்லின் மச்சைக்குழித் தரை சுவரைவிடக் கருமையானது, அந்நிறவேறுபாடே வழிகாட்டியாகும். பிசினில் அவ்வழிகாட்டி பெரும்பாலும் இல்லை. சில வகைகளில் மச்சைக்குப் பதிலாகச் செந்நிறப் பொருளொன்றை அடைத்திருப்பர். ஆயினும் அது பாய்வதில்லை.

அம்மாணவிக்குக் கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல் வாய்த்தது. அப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்கள்; முன்வேரில் இரு கால்வாய்கள், பின்வேரில் ஒன்று, சிலவேளை இரண்டு. மேற்புறத்தைத் துளைத்து மச்சைக்குழியின் கூரையை அகற்றி, கால்வாய்களின் வாயிலைக் காணல் முதற்படி. கூரை எது, தரை எது என்று அறிவதிலேதான் இடர் உள்ளது. தரைக்கும் அதன் கீழே வேர்கள் பிரியும் கவட்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே உண்டு. கூரையைக் கடந்ததை உணராது கருவியை மேலும் அழுத்தினால், தரையைத் துளைத்து வெளியேறிவிடும்.

அவளுக்கு அதுவே நேர்ந்தது. பயிற்சியின் ஐந்தாம் வாரம் அது. கருவி ஒருகணம் வழுக்கி உள்ளே வீழ்ந்ததுபோல் இருந்தது. அவள் கருவியை எடுத்துவிட்டுக் கண்ணாடியிற் பார்த்தாள். தரையின் நடுவே சிறியதொரு வட்டத் துளை. அதனூடாக வெளிச்சம் தெரிந்தது. சுற்றிலும் எதுவும் மாறவில்லை. பொம்மைத் தலை முன்போலவே வாயைத் திறந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவன் தன் வேலையிலே மூழ்கியிருந்தான். மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் அறையின் மறுகோடியில் நின்றார். அவளது மேசை இழுப்பறையிலே பாவிக்காத பல் ஒன்று மிகுதியாயிருந்தது.

திருகாணியைக் கழற்றிப் பழைய பல்லை எடுத்துப் புதியதைப் பொருத்த இரண்டு நிமிடங்கள் போதுமாயின. இம்முறை அவள் கவனமாகத் துளைத்தாள். கால்வாயின் நீளத்தை அளந்து, வேர்நுனிக்கு ஒரு மில்லிமீற்றர் முன்பாகவே நிறுத்தி, முறைப்படி அராவி, கட்டாபேர்ச்சாவையும் நிரப்பினாள். விரிவுரையாளர் அதனைப் பார்த்து நன்று என்றார்; வகுப்பிலேயே மிக உயர்ந்த புள்ளிகளுள் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. துளைபட்ட பல் அவளது வெள்ளை மேலங்கியின் பையினுள்ளே கிடந்தது.

இதனைப் பெருங்குற்றம் என்று எவரும் கூறார். பிசினாலான ஒரு துண்டு, அதற்கு உடையவர் இல்லை, எவர்க்கும் நோகவில்லை. அவளும் அவ்வாறே தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அத்தேற்றம் நிலைக்கவில்லை. மெய்ப்பல்லிலே தரை துளைபடும்போது குருதி திடீரெனப் பாய்ந்து குழியை நிரப்பும். அதுவே தவற்றின் சாட்சி. பொய்ப்பல்லில் அச்சாட்சி இல்லை. எனவே தவறு செய்தவரே சாட்சியாகவும் நிற்கவேண்டும். அவளோ அச்சாட்சியைப் பையினுள் மறைத்துவிட்டாள்.

வார இறுதியில் அவள் தோழியரோடு கண்டி நகருக்குச் சென்றாள். வாவிக் கரையிலே தலதா மாளிகைக்கு முன்னால், வெண்ணிற ஆடையுடன் மலர்த்தட்டு ஏந்திய மக்கள் வரிசையாய் நின்றனர். ஒரு நகரமே ஒரு பல்லைச் சுற்றி எழுந்திருத்தலை பல்மருத்துவ மாணவி எவ்வாறு எண்ணாதிருப்பாள்? 1560 இல் யாழ்ப்பாண அரசின்மீது படையெடுத்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா, அங்கே கைப்பற்றிய பல்லொன்றைக் கோவாவுக்குக் கொண்டுசென்றான். பெகு நாட்டு மன்னன் பெரும்பொருள் தர முன்வந்தும், அதனை இடித்துத் தூளாக்கி எரித்தனர் எனப் போர்த்துக்கேய நூல்கள் கூறும். அழிந்தது மெய்த் தந்ததாதன்று, மெய்யானது மறைத்துக் காக்கப்பட்டது என்பது இலங்கைப் பௌத்த மரபு. முதலாம் விமலதர்மசூரியனின் காலத்திலே அது கண்டிக்கு வந்து சேர்ந்தது. இன்றும் எசலப் பெரகராவில் யானை சுமந்து செல்வது பேழையின் மறுபடிவமேயன்றித் தந்ததாது அன்று.

இவற்றுள் எது மெய், எது போலி என்று ஆராய்வது அவளது நோக்கமன்று. அவள் மனத்திற் பட்டது வேறொன்று. வீதிவழியே செல்வது மறுபடிவம் என்பதை எவரும் மறைப்பதில்லை. அனைவரும் அறிந்தே கைகூப்புகின்றனர். ஆகவே அதிற் பொய்யில்லை. போலி தன்னளவிற் பொய்யாவதில்லை. மெய்யென்று காட்டப்படும்போதே அது பொய்யாகின்றது. பேராதனையில் அவளது மேசைமீது இருந்த பிசின்பல் பொய் சொல்லவில்லை. முதல் முயற்சி என்று காட்டி இரண்டாவதைக் கையளித்தவள் அவளே.

திங்கட்கிழமை காலை அவள் துளைபட்ட பல்லை எடுத்துக்கொண்டு விரிவுரையாளரின் அறைக்குச் சென்றாள். மழை பெய்துகொண்டிருந்தது, ஹந்தானை மலை முகிலுள் மறைந்திருந்தது. நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவர் சினக்கவில்லை, பாராட்டவும் இல்லை. பல்லை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பின்னர் அவளைக் கூட்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குச் சென்று, சிறியதொரு வட்ட வாளினால் அப்பல்லை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார்.

பிளந்த முகத்திலே அவளது தவறு முழுவதும் எழுதப்பட்டிருந்தது. அவள் நினைத்ததுபோல அது ஒரு கணத்து வழுக்கலன்று. தொடக்கத்திலிருந்தே கருவி சாய்வாக இறங்கியிருந்தது. பொம்மைத் தலையை வசதிக்காகச் சற்றே திருப்பி வைத்திருந்தாள். ஆனால் கையைத் திருப்பவில்லை. கூரையைக் கடந்த பின்னும் தொடர்ந்து அழுத்தியிருந்தாள்; எக்ஸ் கதிர்ப் படத்தில் ஆழத்தை அளந்து, கருவியில் அடையாளமிட்டிருந்தால் அது நேர்ந்திராது. இரண்டாவது பல்லில் அவள் பெற்ற உயர்ந்த புள்ளி இவற்றுள் எதனையும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. அப்பல்லில் அவள் கவனமாக இருந்தாள். ஆனால் எதற்காகக் கவனமாக இருக்கவேண்டும் என்பதை அறிந்திருக்கவில்லை.

வேர்க்கால்வாய் பற்றிய அறிவே இவ்வாறு பிளந்தும் கரைத்தும் பார்த்தமையால் வளர்ந்ததுதான். சூரிச்சு நகரத்து வால்டர் ஹெஸ் என்பார் ஆயிரக்கணக்கான பற்களின் உட்குழிகளில் றப்பரைச் செலுத்தி, அதனை வன்மையாக்கி, பல்லை அமிலத்தாற் கரைத்துவிட்டு, எஞ்சிய வார்ப்புகளை 1917 இல் வெளியிட்ட ஆய்விற் காட்டினார். அதுவரை நேரிய குழாய் என்று கருதப்பட்டது, கிளைவிட்டும் வலைபின்னியும் செல்வதை உலகம் கண்டது. மேற்றாடையின் முதற் கடைவாய்ப்பல்லில் மூன்று கால்வாய்கள் என்று கற்ற காலம் போய், நான்காவது பாதிக்கு மேற்பட்டவற்றில் உண்டு என்ற தெளிவும் பிற்காலத்தே பிறந்தது. அறியாதது இருட்டிலே இருக்கும்வரை கை அதனைக் காணாது.

விரிவுரையாளர் புள்ளியை மாற்றினாரா என்பதை அவள் கேட்கவில்லை. துளையை அடைப்பதற்கென 1993 இல் அறிமுகமான சீமெந்து வகையொன்று உண்டு. அதனை எவ்வாறு இடுவது என்பதை அவர் அதே பல்லின் மற்றைய பாதியிற் காட்டினார். ஒரு பாதியை அவளிடம் கொடுத்தார். அது அவளது பேனைப் பெட்டியினுள் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டு அவள் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினாள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து விடியற்காலைப் பேருந்திலே வந்த கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் அவளது நாற்காலியில் அமர்ந்தார். கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல். மூன்று இரவுகளாக உறக்கமில்லை. பரிசோதித்ததில் மச்சை அழற்சியுற்றிருந்ததேயன்றி இறந்திருக்கவில்லை, பல்லைக் காப்பாற்றலாம். ஆனால் சில தடவைகள் வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாட் சம்பளம் போய்விடும். இலவச மருத்துவத்தின் விலையும் சிலருக்கு இலவசமன்று.

“புடுங்கிட்டா ஒரு நாளோட முடிஞ்சிரும்ல, டொக்டரம்மா?” என்றார் அவர்.

“முடியும் அம்மா. ஆனால் பிடுங்கினால் அந்தப் பல் இல்லை. வைச்சிருந்தால் இன்னும் கனகாலம் சாப்பிடலாம். நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அப்பெண் சற்று நேரம் அவளையே பார்த்திருந்தார். பின்னர், “நீங்க இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் செஞ்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

இவ்வினாவைப் பொம்மைத் தலை ஒருநாளும் கேட்டதில்லை. விடை கூறுவதற்கு அவளுக்குச் சிறிது நேரம் வேண்டியிருந்தது.

“பொய்ப் பல்லிலை கனதரம் செய்திருக்கிறன். பிடுங்கின பல்லிலையும் செய்திருக்கிறன். முதலிலை ஒருக்கா ஓட்டையும் போட்டிட்டன். ஆளுக்குச் செய்யிறது நீங்கள்தான் முதல். சேர் பக்கத்திலை நிற்பார். நான் பிழை விட்டால் அவர் பார்ப்பார்.”

“ஓட்டை போட்டதையும் சொல்லுறீங்க,” என்று அப்பெண் வெற்றிலைக் காவி படிந்த பற்கள் தெரியச் சிரித்தார். வலி மிகுந்ததாற் சிரிப்பு இடையிலேயே நின்றது. “சரி, செய்ங்க. வெள்ளிக்கிழமை மட்டும் வரச் சொல்லாதீங்க.”

விறைப்பு ஊசி போட்டு, பல்லைச் சுற்றி றப்பர்த்தாள் விரித்து, எக்ஸ் கதிர்ப் படத்தில் ஆழத்தை அளந்து, கருவியில் அடையாளமிட்டு அவள் துளைக்கத் தொடங்கினாள். கூரை திறந்த கணத்திலே குருதி பொங்கிக் குழியை நிரப்பியது. அவளது கை நின்றுவிட்டது. மச்சையின் குருதியா, தரை துளைபட்ட குருதியா? நூல் அறிந்த வினாதான். ஆனால் பிசின்பல் ஒருபோதும் எழுப்பாத வினா. அவள் கருவியை எடுத்துவிட்டு அடையாளத்தைப் பார்த்தாள். அளந்த ஆழம் இன்னும் எட்டப்படவில்லை. கருவி சாயவுமில்லை. இவை இரண்டையும் அவளுக்குக் கற்பித்தது பேனைப் பெட்டியினுள் இருந்த அப்பாதிப் பல். ஆயினும் அவள் தன் கணிப்போடு அமையாது, “சேர், ஒருக்காப் பாருங்கோ” என்று அழைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். கழுவி, உறிஞ்சி, பஞ்சால் ஒற்றிய பின்னர், கருநிறத் தரையும் அதன் ஓரங்களிலே கால்வாய்களின் வாயில்களும் தெரிந்தன. “மச்சைதான். மேலே செய்யலாம்” என்றார். அவள் ஊதா நிறக் கைபிடியுள்ள 10 ஆம் இலக்க அரத்தை எடுத்தாள்.

பிசின்பல் குருதி சிந்தாது என்பது அதன் குறை. ஆனால் மாணவரின் முதற் தவறுகளை மனிதர்மீது விழவிடாது தாங்கிக்கொள்வது அதன் நிறை. அத்தவறுகளைப் பிளந்து பார்ப்பவருக்கே அந்நிறை பயன்தரும். ஏனையோருக்கு அது இழுப்பறையிலிருந்து வேறொன்றை எடுத்து மாற்றக்கூடிய ஒரு துண்டு மாத்திரமே. அத்தோட்டப் பெண் மேலும் மூன்று தடவைகள் வந்தார். அவற்றுள் ஒன்றும் வெள்ளிக்கிழமையன்று.